எருமையும் பெருங்கொக்கும்: பரத்பூர் நீர்நிலை உணர்த்தும் உண்மை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

இயற்கையைப் பாடாத கவிஞர் இலர். மரம் வீழ்த்தப்பட்டதற்கும், ஏரி தூர்ந்ததற்கும், பறவை வாராது போனதற்கும் இரங்கிப் பாடும் கவிதைகள் இன்று மிகுதியாக வெளிவருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு கருத்தை அடிப்படையாகக் கொண்டுள்ளன. இயற்கை தூயது, மனிதன் அதனைக் கெடுப்பவன், அவன் விலகி நின்றால் இயற்கை தானே தழைக்கும் என்பதே அக்கருத்து. கேட்பதற்கு இனிய கருத்துத்தான். ஆனால் அஃது எங்கும் எப்பொழுதும் உண்மையாகுமா என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாக வடபுலத்தில் ஒரு நீர்நிலை உள்ளது. இராசத்தான் மாநிலத்தின் கிழக்கெல்லையில், பரத்பூர் நகரையொட்டி அமைந்த கேவலாதேவ் தேசியப் பூங்காவே அது. நீர், நிலம், விலங்கு, பறவை, மனிதர் ஆகிய ஐந்தும் அங்கே எவ்வாறு பிணைந்துள்ளன என்பதைப் பத்தாண்டுக்கால அறிவியல் ஆய்வு ஒன்று காட்டியது. அந்த ஆய்வு கவிஞர்க்கும் உரியதொரு செய்தியை உடையது.

மனிதர் ஆக்கிய நீர்நிலை

கேவலாதேவ் என்பது அப்பூங்காவின் நடுவே உள்ள சிவன் கோயிலின் பெயர். பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். 350க்கு மேற்பட்ட பறவை வகைகள் அங்குக் காணப்பட்டுள்ளன. உலகெங்கும் உள்ள பறவை ஆய்வாளர்கள் அதன் பெயரை அறிவர். ஆயினும் அந்நீர்நிலை இயற்கை தானாகத் தந்ததன்று என்பதே முதலில் கருத வேண்டிய செய்தி. அங்கு இயற்கையாக இருந்தது ஒரு பள்ளமே. 18ஆம் நூற்றாண்டில் பரத்பூர் மன்னர் சூரஜ்மல் கம்பீர், பாணகங்கை ஆகிய ஆறுகள் கூடுமிடத்தில் அஜான் அணையைக் கட்டினார். அதன் பின்னரே அப்பள்ளத்தில் ஆண்டுதோறும் நீர் தேங்கலாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உட்கரைகளும் மதகுகளும் அமைக்கப்பட்டு, நீர் பகுதி பகுதியாகத் தேக்கப்பட்டது.

மழைக்காலத்தில் அஜான் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படும். ஆற்று நீரோடு எண்ணற்ற மீன்குஞ்சுகளும் வந்து சேரும். நீரின் நடுவே உள்ள கருவேல மரங்களில் சங்குவளை நாரையும், நத்தைக்குத்தி நாரையும், நீர்க்காகமும், வெண்கொக்கும் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டும். அவற்றின் குஞ்சுகளை வளர்ப்பது அந்த மீன்வளமே. மழைக்காலம் முடிந்து பனிக்காலம் தொடங்கியதும் வடதிசையிலிருந்து ஊசிவால் வாத்தும், வரித்தலை வாத்தும், பிற வலசைப் பறவைகளும் வந்திறங்கும். கோடையில் நீர் வற்றி நிலம் வெடிக்கும். மீண்டும் மழை, மீண்டும் நீர். இந்தச் சுழற்சியை இயக்குவது மேகம் மட்டுமன்று. மதகைத் திறக்கும் கையும் அதனை இயக்குகின்றது.

வேட்டைக்களம் காப்பிடமானமை

இந்நீர்நிலையைச் செப்பமாக அமைத்தவர்களின் நோக்கம் பறவைகளைக் காப்பதன்று, வேட்டையாடுவதே. அரசர்களும் ஆங்கில ஆட்சித் தலைவர்களும் துப்பாக்கியேந்தி அங்கே கூடினர். 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அவ்வெண்ணிக்கையைப் பெருமையுடன் பொறித்து வைத்த கல்வெட்டு பூங்காவினுள் இன்றும் உள்ளது. மன்னரின் கொடையைப் பொறிக்கும் கல்வெட்டுகளைப் பயின்றவர்க்கு, கொலையைக் கணக்கிட்டுப் பொறித்த இக்கல்வெட்டு புதுமையானதாகவே தோன்றும்.

நாடு விடுதலை பெற்றபின் அந்நிலத்தை வடித்து உழவுக்குத் தரவேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. நிலமற்ற மக்களின் பக்கமிருந்து பார்த்தால் அக்கோரிக்கையில் நியாயம் இருந்தது. பறவையியல் அறிஞர் சலீம் அலி பிரதமர் நேருவிடம் முறையிட்டு அந்நீர்நிலையைக் காப்பாற்றினார். 1956இல் அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. எனினும் அரசரின் வேட்டையுரிமை 1972 வரை நீடித்தது. 1981இல் நீர்நிலைகளுக்கான ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் இந்தியாவிலிருந்து முதன்முதல் இடம்பெற்ற இரண்டனுள் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. மற்றொன்று ஒரிசாவின் சிலிகா ஏரி. 1982இல் தேசியப் பூங்காவாகவும், 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அது உயர்வு பெற்றது.

மதிலும் தடையும்

பெயர் உயர உயர, அயலூர் மக்களின் உரிமை சுருங்கியது. சுற்றிலும் உள்ள சிற்றூர்களின் எருமைகளும் பசுக்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்ந்து வந்தன. மக்கள் புல் அறுத்தனர், விறகு பொறுக்கினர், வெட்டிவேர் அகழ்ந்தனர். தேசியப் பூங்காவினுள் கால்நடை மேய்தலாகாது என்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. பறவைகளின் நலங் கருதிச் சலீம் அலி உள்ளிட்ட அறிஞர்களும் மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்று வலியுறுத்தி வந்தனர். பூங்காவைச் சுற்றிக் கல்மதில் எழுந்தது. 1982 நவம்பரில் மேய்ச்சல் முற்றிலும் தடுக்கப்பட்டது.

எருமைகளை வேறெங்கே ஓட்டிச் செல்வது என்பதற்கு விடை எதுவும் கூறப்படாமலே தடை நடைமுறைக்கு வந்தது. மக்கள் திரண்டு எதிர்த்தனர். காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அயலூர் மக்கள் சிலர் உயிரிழந்தனர். முன்னர்ப் பறவைகளைச் சுட்ட இடத்தில், பறவைகளைக் காக்கும் பொருட்டு மனிதர் சுடப்பட்டனர். அவர்கள் இறந்தது எதன் பொருட்டு? எருமை மேய்ந்தால் பறவை அழியும் என்னும் ஒரு முடிவின் பொருட்டு. அம்முடிவு சரியானதா என்பது அப்பொழுது எவராலும் ஆய்ந்து காணப்பட்டிருக்கவில்லை.

பத்தாண்டு ஆய்வு கண்ட உண்மை

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980இல் பரத்பூரில் ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்திருந்தது. வி. எஸ். விஜயன் தலைமையில் ஆய்வாளர்கள் நீரின் ஆழத்தையும் தன்மையையும், புல்பூண்டுகளின் பரவலையும், மீன்களையும், பறவைகளின் எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் அளந்து குறித்து வந்தனர். ஆய்வு தொடங்கியபோது எருமைகள் நீரில் மேய்ந்துகொண்டிருந்தன. இடையில் தடை வந்தது. தடைக்குப் பின்னும் ஆய்வு 1990 வரை தொடர்ந்தது. ஆகவே எருமை இருந்த நிலையையும் இல்லாத நிலையையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டுக் காணும் அரிய வாய்ப்பு அவ்வாய்வாளர்க்குக் கிட்டியது.

ஒப்பிட்டுக் கண்ட முடிவு எவரும் எதிர்பாராதது. மேய்ச்சல் நின்றபின் பாஸ்பலம் என்னும் நீர்ப்புல் நீர்நிலையெங்கும் பரவியது. இப்புல் கொடிபோல் ஓடுவது. கணுத்தோறும் வேர் விடுவது. நீர் உயர உயரத் தானும் உயர்ந்து மேற்பரப்பை மூடுவது. முன்னர் இப்புல்லை எருமைகள் நீரில் இறங்கி மேய்ந்து அடக்கி வைத்திருந்தன. அவை உழக்கிச் சென்ற தடங்கள் நீரில் திறந்த வழிகளாக விளங்கின. அவற்றின் சாணம் நீர்வாழ் சிற்றுயிர்களுக்கு ஊட்டமாயிற்று. எருமை அகன்றதும் திறந்த நீர்ப்பரப்பு சுருங்கிற்று. மீன்கள் வாழும் இடம் குறைந்தது. வாத்துகள் இறங்கி நீந்துவதற்கும், மீனுண்ணும் பறவைகள் இரை தேடுவதற்கும் இடம் குறைந்தது. பறவைகளின் தொகையும் வீழ்ந்தது. பறவைகளைக் காப்பதற்கென்று கொணர்ந்த தடையே பறவைகளுக்குக் கேடாக முடிந்தது.

எருமை பறவைக்குப் பகையன்று, துணையே என்பது தெளிவாயிற்று. அளவோடு மேயவிடுவதோ, புல்லை அறுத்து அகற்றுவதோ நீர்நிலையின் நலத்துக்குத் தேவை என்று ஆய்வாளர் பரிந்துரைத்தனர். கட்டின்றி மேயவிட வேண்டும் என்று அவர்கள் கூறவில்லை என்பதையும் மறத்தலாகாது. அளவு மீறிய மேய்ச்சலும் நிலத்தைக் கெடுக்கும். அளவு எது என்பதை அளந்தே அறிய வேண்டும். ஆசையாலோ அச்சத்தாலோ அறிய இயலாது.

இவ்விடத்தில் ஒரு பண்பு போற்றத்தக்கது. மேய்ச்சல் தடையை முன்னின்று ஆதரித்தவர் சலீம் அலி. அவரைத் தலைமகனாகக் கொண்டு வளர்ந்த கழகமே அத்தடை பிழை என்பதை எடுத்துக்காட்டியது. அவர் 1987இல் மறைந்தார். ஆய்வின் இறுதி முடிவு அதன் பின்னரே வெளிவந்தது. தம் ஆசான் கொண்ட கருத்தாயினும், சான்று மாறுபட்டபோது சான்றின் பக்கமே ஆய்வாளர் நின்றனர். ஆசானை அவர்கள் பழிக்கவுமில்லை. அவர் கருத்தை மறைக்கவுமில்லை. பொருளின் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. ஆனால் இழந்த மனித உயிர்களை அந்த அறிவு மீட்டுத் தரவில்லை. பின்னாளில் அயலூர் மக்கள் உள்ளே வந்து புல்லறுத்துச் செல்ல இசைவு தரப்பட்டது. அந்த இசைவு முன்னரே கிட்டியிருந்தால் எத்துணையோ துயரம் நேராதிருந்திருக்கும்.

வெட்டிவேரும் பெருங்கொக்கும்

பரத்பூரின் புகழுக்குப் பெரிதும் காரணமாயிருந்தது சைபீரியப் பெருங்கொக்கு. பால் நிற உடலும், சிவந்த முகமும், விரிக்கும்போது மட்டுமே தெரியும் கருநிறச் சிறகு நுனியும் உடைய பறவை அது. வடக்கே சைபீரியாவின் சதுப்பு நிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பனிக்காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும். 1960களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 200 பெருங்கொக்குகள் பரத்பூருக்கு வந்தன. அவ்வெண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. 2001-2002 பனிக்காலத்தில் ஓர் இணை மட்டும் வந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை. இன்று இவ்வினம் பெரும்பாலும் சீன நாட்டின் போயாங் ஏரியை நம்பியே வாழ்கிறது.

அவை வாராமைக்கு வலசை வழியில் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளில் நிகழ்ந்த வேட்டை முதன்மையான காரணமாகக் கருதப்படுகின்றது. அயலூர் மக்கள் வேறொரு காரணத்தையும் கூறினர். இப்பெருங்கொக்கின் உணவு கோரையின் கிழங்கு. அதனை மண்ணில் அலகைச் செலுத்தி அகழ்ந்தெடுக்கும். மக்கள் வெட்டிவேருக்காக நிலத்தைக் கிளறி வந்த காலத்தில் மண் இளகியிருந்தது. கிழங்கு எளிதில் கிட்டியது. மக்கள் உள்ளே வருவது தடுக்கப்பட்டபின் மண் இறுகிவிட்டது. பெருங்கொக்குக்கு உணவு அரிதாயிற்று என்பது அவர்கள் கூற்று. இது மெய்ப்பிக்கப்பட்ட முடிவன்று. ஆயினும் ஆய்வுக்குரிய நல்லதொரு கருதுகோள். நிலத்தோடு நாளும் பழகியவரின் கண்ணுக்கு மட்டுமே புலப்படக்கூடியது அது. மதிலுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவர்களிடம் அத்தகைய அறிவு இருந்தது என்பதும், அதனைக் கேட்பதற்கு ஒருவரும் இல்லாதிருந்தனர் என்பதும் எண்ணத்தக்கன.

ஆற்றுநீர் யாருக்கு உரியது?

எருமைச் சிக்கல் ஒருவாறு தெளிந்தபின் நீர்ச் சிக்கல் எழுந்தது. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில், கரௌலி மாவட்டத்தில், பாஞ்சனா அணை கட்டப்பட்டது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் மழை குறைந்தபோது பரத்பூருக்கு நீர் வருவது அரிதாயிற்று. பூங்காவுக்கு ஆண்டுதோறும் 550 மில்லியன் கன அடி நீர் வேண்டும் என்பது கணக்கு. 2004ஆம் ஆண்டளவில் அந்நீரைத் திறந்துவிடுவதை மேற்பகுதி உழவர்கள் எதிர்த்தனர். தம் பயிர் வாடும்போது பறவைக்கு நீர் விடுவதா என்பது அவர்களின் வினா. அதனை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீரிறைத்துப் பள்ளத்தை நனைத்தனர். ஆனால் நிலத்தடி நீரில் மீன்குஞ்சு இல்லை. ஆற்றுநீரோடு வந்த உயிர்ப்பொருள்கள் எவையும் அதில் இல்லை. பார்வைக்கு இரண்டும் நீரே; நாரைக்கு இரண்டும் ஒன்றல்ல. பின்னர் 2012ஆம் ஆண்டளவில் கோவர்த்தன் வடிகாலிலிருந்து வெள்ளநீரைக் கொணரும் திட்டம் நிறைவேறியது. சம்பல் ஆற்றுநீரும் குழாய் வழியே வரலாயிற்று. ஒரு நீர்நிலையைக் காத்தல் என்பது அதன் கரைக்குள் முடிந்துவிடும் செயலன்று, அந்நீர் புறப்படும் மலையிலிருந்து தொடங்கும் செயல் என்பது இதனால் புலனாகும்.

நீர் குறைந்த காலத்தில் சீமைக்கருவேல் வறண்ட நிலமெங்கும் படர்ந்தது. தமிழ்நாட்டின் கண்மாய்க்கரைகளை அடைத்துக்கொண்டுள்ள அதே மரந்தான். அதனை அகற்றுவதற்குப் பூங்காவினர் அயலூர் மக்களையே நாடினர். மக்கள் அதனை வேரோடு அகழ்ந்து, விறகைத் தமக்கென எடுத்துச் சென்றனர். ஒருகாலத்தில் விறகுக்காக உள்ளே வந்தால் குற்றம் எனப்பட்டது. பின்னர் விறகுக்காக உள்ளே வருவது தொண்டாயிற்று. மாறியது மக்களின் செயல் அன்று. அதனை நோக்கிய பார்வையே.

மதிலில்லாத காப்பிடம்

பரத்பூருடன் வேடந்தாங்கலை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. இரண்டும் மனிதர் அமைத்த நீர்நிலைகள். இரண்டிலும் நீரிடை மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு 30 ஹெக்டேர் மட்டுமே. அங்குப் பறவைகளைக் காத்தவர்கள் ஊராரே. பறவைகளைச் சுட்ட வெள்ளையர் மீது அவ்வூரார் முறையிட்டனர் என்பதும், 1790களில் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதித் தந்தார் என்பதும் வரலாறு. ஊரார் அவ்வாறு காத்தது அருளால் மட்டுமன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பறவை பயிருக்கு உதவியது. பயிரிட்டவர் பறவைக்குக் காவலாயினர். 2022இல் வேடந்தாங்கலும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் அதனை அறிவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவ்வூர் அதனைக் காத்துவந்துள்ளது.

இதனைக் கொண்டு ஊரார் செய்வனவெல்லாம் சரி என்றோ, அரசு செய்வனவெல்லாம் பிழை என்றோ முடிவு கட்டுதல் பொருந்தாது. பரத்பூரை உழவுநிலமாக்காமல் தடுத்தது அரசின் ஆணையே. வேட்டையை நிறுத்தியதும் சட்டமே. ஆயினும் நிலத்தோடு பிணைந்த மக்களை அகற்றிவிட்டு நிலத்தை மட்டும் காக்க முற்படுவது பல இடங்களில் நிலத்தையே கெடுத்துவிடுகிறது என்பது மறுக்க இயலாத பாடம்.

திணைக் கோட்பாடும் கவிஞர் கடனும்

தமிழ்க் கவிதை மரபு நிலத்தைத் தனியே பார்ப்பதில்லை. முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் அடுத்து, கருப்பொருளின் வரிசையில் விலங்கும், மரமும், பறவையும், உணவும், மக்களின் தொழிலும் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன. மருதத்துக்குரிய விலங்காக எருமையைக் கூறும் அகப்பொருள் இலக்கணமே, அதே திணையின் பறவைகளுள் நாரையையும் அன்னத்தையும் கூறுகிறது. எருமையும் நீர்ப்பறவையும் ஒரே திணையில் அடங்கும் என்பது தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் மனப்பாடம் செய்த செய்தி. பரத்பூரில் அவ்விரண்டையும் பிரித்தபோது நிகழ்ந்ததை மேலே கண்டோம்.

இதனால் இன்றைய சூழலியல் முழுவதையும் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என்று பெருமிதம் கொள்ளுதல் ஆய்வு நெறியாகாது. திணைக் கோட்பாடு கவிதைக்கான இலக்கணம். நீர்நிலை மேலாண்மைக்கான நூலன்று. எருமை எத்தனை மேயலாம் என்பதற்கு அதில் விடை இல்லை. அவ்விடையைப் பத்தாண்டு நீரில் நின்று அளந்தவர்தாம் தந்தனர். ஆனால் எருமை, நாரை, உழவர் ஆகிய மூவரையும் ஒரே காட்சியில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை அக்கோட்பாடு புலவர்க்குத் தந்தது. அப்பழக்கம் இருந்தால் கேட்கவேண்டிய வினா முன்னரே தோன்றும். எருமையை அகற்றுமுன், அது அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

இன்று இயற்கையைப் பாடும் கவிஞர் பலர் மனிதரில்லாத ஏரியையும் எருமையில்லாத நீரையும் அழகின் வடிவமாகப் புனைகின்றனர். பறவையைப் பாடுகின்றனர், அதன் இரையைப் பாடுவதில்லை. ஏரியைப் பாடுகின்றனர், அதன் மதகையும் மடையையும் நீர் பாய்ச்சும் ஆளையும் பாடுவதில்லை. அத்தகைய கவிதையும் ஒருவகை மதிலே. கல்மதில் எழுவதற்கு முன்னர் மனத்தில் ஒரு மதில் எழுகின்றது. அது சொற்களால் எழுகின்றது. பரத்பூரில் தடையை விதித்தவர் கொடியவரல்லர். பறவைகள்பால் உண்மையான அன்பு கொண்டவர்களே. அன்பு இருந்தது, அறிதல் போதவில்லை. அக்குறையின் விலையை வேறு சிலர் தம் உயிரால் செலுத்தினர்.

ஆகவே நீர்நிலையைப் பாட விழையும் கவிஞர் முதலில் அதன் கரையில் நிற்பவரிடம் பேசுதல் வேண்டும். அங்கே மேய்வது எது, முளைப்பது எது, நீர் வருவது எங்கிருந்து, செல்வது எங்கே என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். அறிவியல் கண்ட முடிவுகளையும் பயிலுதல் வேண்டும். அவ்வறிவு கவிதையின் ஈரத்தை உலர்த்திவிடும் என்னும் அச்சம் தேவையில்லை. நாரையின் கூட்டைக் காண்பவர்க்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. அக்கூட்டுக்கும், மதகில் பாயும் நீருக்கும், அதில் நீந்திவரும் மீன்குஞ்சுக்கும், புல் மேயும் எருமைக்கும் உள்ள உறவை அறிந்து காண்பவர்க்கு அம்மகிழ்ச்சி பன்மடங்காகும்.

பத்தாண்டுகள் ஒரு பொருளை விடாது நோக்கியதால் பரத்பூர் ஆய்வாளர்க்கு ஓர் உண்மை புலப்பட்டது. பத்தாண்டுகள் விடாது கூடிக் கவிதை பேசி வந்துள்ள இவ்விலக்கிய வட்டத்துக்கும் அத்தகைய நிலைத்த நோக்கு வாய்த்துள்ளது. வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக் கவிதைகளில் ஏரியோடு எருமையும், நாரையோடு அதனைக் காத்த ஊரும் இடம்பெறுமாக.